காணாமை என்னும் அளவை

இருக்கும் பொருளைக் கண் காட்டும். இல்லாத பொருளின் இன்மையைக் காட்டுவது எது என்னும் கேள்வி இந்தியத் தத்துவ மரபில் மிகப் பழையது. அறிவைப் பெறும் நம்பத்தகுந்த வழியை வடமொழி நூல்கள் பிரமாணம் என்றும் தமிழ் நூல்கள் அளவை என்றும் வழங்கும். மணிமேகலை சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டறியும் 27ஆம் காதையில், வேதவியாசர் பத்தும் கிருதகோடி எட்டும் சைமினி ஆறுமாக அளவைகளை வகுத்தனர் என்ற செய்தி வருகிறது. அங்கு எண்ணப்படும் அளவைகளுள் அபாவம், அதாவது இன்மையை அறிவிக்கும் அளவை, ஒன்றாகும். சிவஞான சித்தியாரை இயற்றிய அருள்நந்தி சிவாசாரியாரும் நூலின் தொடக்கத்தில் அளவைகளைப் பற்றிப் பேசுமிடத்து அபாவத்தை எடுத்துரைக்கிறார். ஆயினும் அதனைத் தனித்து நிறுத்தாமல், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் பிற அளவைகளோடு சேர்த்து அடக்கிவிடுகிறார். இந்தப் பழைய விவாதத்துக்கும் இன்றைய புள்ளியியலாளர் விடுபட்ட தரவு என்று குறிப்பிடும் சிக்கலுக்கும் இடையே உள்ள உறவு மேலோட்டமான ஒப்புமை அன்று. இரண்டும் ஒரே கேள்வியை வெவ்வேறு கருவிகளால் அணுகுகின்றன. விடுபட்ட தரவு என்பது, ஆய்வுக்காகத் திரட்டப்பட்ட அட்டவணையில் ஒரு மதிப்பு இருந்திருக்க வேண்டிய கட்டம் காலியாக இருப்பது. அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதே கேள்வி.

தரையில் குடம் இல்லை என்று சொல்பவர் தம் கண்ணால் கண்டது வெறுந்தரையை மட்டுமே. அப்படியிருக்க, குடத்தின் இன்மை அவருக்கு எவ்வாறு தெரிந்தது? ஏழாம் நூற்றாண்டு அளவில் வாழ்ந்த மீமாம்சகரான குமாரில பட்டரின் மரபினர், குடம் காணப்படாமையே அதன் இன்மையை அறிவிக்கும் தனி அளவை என்று கூறி அதற்கு அனுபலப்தி, அதாவது காணாமை, என்று பெயரிட்டனர். பிரபாகரரின் வழிவந்தோர் இதனை மறுத்து, வெறுந்தரையைப் பற்றிய அறிவுக்கு மேலாக இன்மை என்று ஒன்று இல்லை என்றனர். நியாய வைசேடிகர்களோ இன்மையை ஒரு பதார்த்தமாகவே ஏற்று, முன்னபாவம், அழிவுபாட்டபாவம், என்றுமபாவம், ஒன்றினொன்றபாவம் என நான்காக வகுத்தனர். இன்னும் தோன்றாத பொருளின் இன்மை முதல் வகை. தோன்றி அழிந்ததன் இன்மை இரண்டாவது. எக்காலத்தும் இல்லாமை மூன்றாவது. ஒன்று மற்றொன்று ஆகாமை நான்காவது. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கித் தந்த சிவஞான முனிவரின் வழியாக இந்தப் பகுப்பு தமிழ்ச் சைவ மடங்களிலும் பாடமாயிற்று.

தம்முள் இவ்வளவு மாறுபட்டவர்களும் ஓரிடத்தில் நெருங்கி வருகின்றனர். எல்லாக் காணாமையும் இன்மைக்குச் சான்றாகாது. அந்தப் பொருள் அங்கு இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற நிலையில் காணப்படாவிட்டால்தான் அக்காணாமை சான்றாகும். நல்ல வெளிச்சத்தில், கண்பார்வை உடையவர், மறைப்பு எதுவும் இல்லாத தரையைப் பார்த்தும் குடம் தென்படவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் தென்படவில்லை என்றால் எதுவும் நிறுவப்படவில்லை. பௌத்த அளவை நூலாரான தருமகீர்த்தி இதனை இன்னும் கூர்மையாக்கி, காணத்தக்க பொருளின் காணாமையே இன்மையை நிறுவும் என்றும், இயல்பிலேயே காணத்தகாத பொருளைக் காணாமை ஐயத்தை மட்டுமே தரும் என்றும் பிரித்தார். பிந்தியதற்கு அவர் காட்டும் உதாரணம் பிசாசு. காணத்தகாதது என்று ஏற்கப்பட்ட ஒன்றைக் காணவில்லை என்பதைக் கொண்டு அது இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது, உண்டு என்றும் சொல்ல முடியாது.

இந்த நிபந்தனையையே 1976இல் டொனால்டு ரூபின் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் பயோமெட்ரிகா இதழில் வெளியிட்ட கட்டுரை கணித மொழியில் எழுப்பியது. அதுவரை பெரும்பாலான ஆய்வாளர்கள் காலிக் கட்டம் கொண்ட வரிசைகளை நீக்கிவிட்டு எஞ்சியதைக் கணக்கிடுவதையோ, கட்டங்களை ஏதேனும் ஒரு மதிப்பால் நிரப்புவதையோ வழக்கமாகக் கொண்டிருந்தனர். ரூபின், மதிப்பு கிடைத்ததா கிடைக்கவில்லையா என்பதையே ஒரு மாறியாகக் கொண்டு, அந்த மாறி எதைச் சார்ந்திருக்கிறது என்று கேட்டார். விடை மூவகைப்படும். விடுபட்டமைக்கும் எந்த மதிப்புக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். இது முற்றிலும் தற்செயலான விடுபாடு. கிடைத்துள்ள பிற தகவல்களைக் கொண்டு விளக்கத்தக்கதாக இருக்கலாம். இது விளக்கத்தக்க விடுபாடு. விடுபட்ட மதிப்பே தன் விடுபாட்டுக்குக் காரணமாகவும் இருக்கலாம். இது தன்வயமான விடுபாடு. மூன்றாவதே மிகவும் தொல்லை தருவது. ஏனெனில் அது நிகழ்ந்திருக்கிறதா என்பதைக் கையில் இருக்கும் தரவைக் கொண்டு மட்டும் ஒருபோதும் கண்டுபிடிக்க இயலாது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை வட்டத்தின் தலைமையிடமான பூதப்பாண்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொண்டு இதனை விளக்கலாம். அங்கு வீடுவீடாகச் சென்று மாத வருமானம் கேட்கும் கணக்கெடுப்பு ஒன்று காலை வேளையில் நடப்பதாகக் கொள்க. கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், மரப்பால் குளிர்ந்த வேளையிலேயே நன்றாக வடியும் என்பதால், விடியலிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்; தோவாளைப் பூச்சந்தையை நம்பி வாழ்பவர்களுக்கும் வேலை பொழுது புலர்வதற்கு முன்பே தொடங்கிவிடும். கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது திறப்பவர்கள் ஓய்வூதியர்களும், கடைக்காரர்களும், நிலமுடையோரும் ஆவர். பூட்டிய வீட்டுக்கு எதிரே படிவத்தில் ஒரு கோடு விழுகிறது. அந்தக் கோடு தற்செயலாக விழுந்ததன்று. தொழில் என்ன என்பது வேறொரு பதிவேட்டில் இருந்தால் அதைக் கொண்டு விடுபாட்டை விளக்கலாம், ஈடுசெய்யவும் செய்யலாம். அதுவும் இல்லையென்றால் அந்த ஆய்வு கூலிக்காரரை விட்டுவிட்டு ஊரை அளந்ததாகவே முடியும். மழை நாளில் பால்வெட்டு தடைப்படும் என்பதை அறிந்த ஒருவர் அன்று போய்க் கேட்டால் கதவு திறக்கும். ஆனால் கூலியில்லாத அந்த நாளில் கேட்கும் வருமானக் கேள்விக்கு வரும் விடையும் அந்த நாளின் நிறத்தை ஏற்றிருக்கும். கேட்கும் முறையே காணத்தக்கதையும் காணத்தகாததையும் தீர்மானிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேண்டியதில்லை.

நிரப்புவதன் விளைவையும் கற்பனையான சில எண்களால் காணலாம். பத்து வீடுகளில் ஆறு வீட்டார் விடை சொல்லி, அவர்கள் வருமானம் 8, 10, 12, 14, 16, 18 ஆயிரம் ரூபாய் என்றால் சராசரி 13 ஆயிரம். பூட்டிய நான்கு வீட்டுக்கும் அந்தச் சராசரியையே எழுதி நிரப்பினால் சராசரி மாறாது. ஆனால் மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியுள்ளன என்பதைக் காட்டும் மாறுபாட்டளவு 14இலிருந்து ஏறத்தாழ 7.8ஆகச் சுருங்கிவிடும். ஊர் இருப்பதைவிட ஒரே சீரானதாகத் தோன்றும். ஆய்வாளரின் உறுதி இருக்க வேண்டியதைவிட மிகுந்துவிடும். பூட்டிய வீட்டார் உண்மையில் வீட்டுக்கு 9 ஆயிரம் ஈட்டுபவர்களாக இருந்தால் உண்மைச் சராசரி 11,400 ரூபாய்; நீக்கியவரும் நிரப்பியவரும் ஒரே அளவு தவறியிருப்பார்கள், ஆனால் நிரப்பியவர் பத்து வீட்டையும் பார்த்தவர் போல் பேசுவார். இரண்டு தவறுகளுள் இரண்டாவது கனமானது. அறியாமையை அறிவாகக் காட்டுவது கணக்குப் பிழை என்பதோடு நில்லாமல் வாய்மைக் குற்றமாகவும் ஆகிறது.

இன்மையே ஒரு தகவல் என்னும் ரூபினின் அடிப்படை நகர்வுக்கு மிக நெருங்கிய சிந்தனை ஒன்று மெய்கண்டாரின் சிவஞான போதத்தில் உண்டு. ஆன்மா உண்டு என்பதை நிறுவும் மூன்றாம் நூற்பாவில் அவர் எடுத்து வைக்கும் முதல் காரணம், உடலில் ஒவ்வொன்றையும் எடுத்து இது ஆன்மா அன்று, இது ஆன்மா அன்று என்று ஒதுக்கி, முடிவில் ஆன்மாவே இல்லை என்று சொல்லும் ஓர் அறிவு இருக்கிறது என்பதாகும். இல்லை என்ற சொல் வெறும் வெறுமை அன்று. அதைச் சொல்லுமிடம் ஒன்று உண்டு, அவ்விடமே ஆராயத்தக்கது. மெய்கண்டாரின் நோக்கம் வீடுபேறு, புள்ளியியலாளரின் நோக்கம் மதிப்பீடு. இருவருக்கும் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் காலிக் கட்டத்தைத் துடைத்தெறியாமல், அது எவரால், எந்நிலையில், ஏன் காலியாயிற்று என்று திரும்பிப் பார்க்கும் ஒழுக்கம் இருவருக்கும் பொதுவானது.

பூதப்பாண்டி என்னும் பெயரே இந்த ஒழுக்கத்தைச் சோதிக்கும் ஒரு களம். பழையாற்றங்கரையில், பூதலிங்கசுவாமி கோயிலைச் சுற்றி அமைந்த இவ்வூரின் பெயரைச் சங்ககாலத்து ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. அம்மன்னன் பாடியனவாக அகநானூற்றில் 25ஆம் பாடலும் புறநானூற்றில் 71ஆம் பாடலும் கிடைத்துள்ளன. ஒல்லையூரையோ ஆய்வாளர் பலர் புதுக்கோட்டைப் பகுதியில் வைத்துப் பேசுகின்றனர். பெயரொற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு ஊரையும் அரசனையும் பிணைத்துவிட முடியாது. அதேபோல், அவன் காலத்து எழுத்துச் சான்று ஒன்றும் ஊரில் இல்லை என்பதைக் கொண்டு பிணைப்பே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. அவன் இவ்வூரோடு தொடர்புடையவனாகவே இருந்திருந்தாலும், அதன் எழுத்துச் சான்று இன்றுவரை எஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. ஆகவே இங்குள்ள காணாமை, தருமகீர்த்தியின் பகுப்பில், ஐயத்தை மட்டுமே தரும் காணாமை.

இதைவிட ஆழமான வெற்றிடம் அவன் தேவியைப் பற்றியது. வஞ்சினம் கூறும் 71ஆம் பாடலில் பூதப்பாண்டியன், பகைவரைப் புறங்காட்டி ஓடச் செய்யாவிட்டால் இவளைப் பிரிவேனாகுக என்று தன் மனைவியைப் பணயமாக வைத்துச் சூளுரைக்கிறான். அவன் இறந்தபின் தீப்பாயப் புகுந்தவளைச் சான்றோர் தடுக்க, கைம்மை நோன்பின் வறிய உணவையும் பருக்கைக் கல் படுக்கையையும் எடுத்துக் கூறி, கணவன் மாண்டபின் தனக்கு ஈமத்தீயும் தாமரைப் பொய்கையும் ஒன்றே என்று அவள் பாடிய பாடல் 246ஆம் எண்ணில் இருக்கிறது. அவள் தீயை நோக்கி நடந்த காட்சியை மதுரைப் பேராலவாயார் 247இல் பாடியிருக்கிறார். தமிழில் இத்தனை உறுதியான குரல்கள் சிலவே. அந்தக் குரலுக்கு உரியவளின் பெயர் இல்லை. பெருங்கோப்பெண்டு என்று தொகுப்பு சொல்வது அவள் வகித்த நிலையை. பூதப்பாண்டியன் தேவி என்று சொல்வது அவள் யாருக்கு உரியவள் என்பதை. ஔவையாரும், ஒக்கூர் மாசாத்தியாரும், காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் பெயரோடு வாழ்கிறார்கள். ஆகவே பெண் என்பதால் மட்டும் பெயர் விடுபட்டது என்று சொல்ல முடியாது. புலமையால் அறியப்பட்டவளின் பெயர் நின்றது, கணவனால் அறியப்பட்டவளின் பெயர் மறைந்தது என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. அப்படியானால் இது தற்செயலான விடுபாடு அன்று. அவள் இருந்த இடமே அவள் பெயரை விழுங்கியது. சங்கப் பெண்களின் பெயர்களைத் திரட்டி அக்காலப் பெண்களின் நிலையை மதிப்பிட முயலும் எந்த ஆய்வும், அரண்மனைக்குள் பெயர் தேய்ந்தவர்களைக் கணக்கில் கொள்ளாவிட்டால், புலவர் மகளிரின் விடுதலையை எல்லா மகளிருக்கும் பொதுவாக்கிவிடும்.

இத்தகைய வெற்றிடத்தைத் தமிழ் மரபு இருவிதமாக நிரப்பியிருக்கிறது; அவ்விரண்டின் வேறுபாடு இன்றைய ஆய்வாளர்க்கு மிகவும் பயன்படக்கூடியது. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள், பாடியவர் பெயர் தெரியாத சில பாடல்களுக்கு அப்பாடலில் வரும் சிறந்த தொடரையே பெயராக இட்டனர். 40ஆம் பாடலின் செம்புலப்பெயனீராரும் 41ஆம் பாடலின் அணிலாடு முன்றிலாரும் அவ்வாறு பிறந்தவர்கள். இப்பெயர்கள் தம்மை நிரப்பீடு என்று தாமே அறிவித்துக்கொள்கின்றன. எவரும் அவற்றைப் பெற்றோர் இட்ட பெயராக மயங்குவதில்லை, ஆயினும் ஒரு கவிஞரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிய அவை உதவுகின்றன. பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாடலின் வரலாறு வேறு. சங்கத் தொகுப்பு அவர்களைப் பாரி மகளிர் என்ற அளவில் நிறுத்த, பிற்கால மரபு அங்கவை, சங்கவை என்று பெயர் தந்தது. அன்பினால் தந்த பெயர்கள்தாம் அவை. ஆனால் நிரப்பிய தடயம் அழிந்துவிட்டதால், இன்று பலர் அவற்றைச் சங்கப் பாடலிலேயே உள்ளவை என்று நம்புகின்றனர். முதல் நிரப்பீடு அறியாமையைக் காத்துக்கொண்டே பயன் தருகிறது. இரண்டாவது அறியாமையை மறக்கச் செய்கிறது.

நிரப்பாமல் காப்பதற்கும் தமிழில் உயர்ந்த முன்மாதிரி உண்டு. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுபோயிருந்தது. 267, 268 ஆகிய இரு பாடல்களும் கிடைக்கவில்லை. எஞ்சியவற்றை வரிசையாக எண்ணிவிட்டால் நூல் குறையின்றித் தோன்றும். அப்படிச் செய்யாமல் அந்த இரு எண்களும் வெற்றிடமாகவே விடப்பட்டன. இன்றுவரை எந்தப் பதிப்பைத் திறந்தாலும் 266க்குப் பின் 269 வருகிறது. ஏடு சிதைந்த இடங்களில் அடிகளுக்குள் புள்ளிகள் நிற்கின்றன. கோயில் கல்வெட்டை மைப்படி எடுப்போரும் இதே நெறியையே பின்பற்றுகின்றனர். கல்லைக் கழுவி, நனைந்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்தில் தாளை இறங்கச் செய்து, மை ஒற்றும்போது எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் விழும். கல் பொரிந்துபோன இடத்தில் எழுத்தும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் ஒரு குழம்பல் விழும். அதை வாசிப்பவர் ஊகிக்கலாம், ஊகத்தை அடைப்புக்குள் எழுதலாம். கல்லில் இருந்ததாக எழுதக்கூடாது. அழிவுபாட்டபாவத்தையும் என்றுமபாவத்தையும் குழப்பாதே என்ற தருக்க நூலின் பகுப்பு இங்கே பதிப்பாசிரியரின் கையில் நடைமுறை விதியாகிவிடுகிறது. பத்துப் பத்துகளில் முதற்பத்தும் இறுதிப் பத்தும் கிடைக்காத பதிற்றுப்பத்தைக் கொண்டு சேர மன்னர்களின் காலவரிசையைக் கணிப்போர், எட்டு என்பது கிடைத்த எண்ணே அன்றி இருந்த எண் அன்று என்பதை ஒவ்வொரு அடியிலும் நினைவிற் கொள்ள வேண்டியவர்கள்.

எழுதாமல் விட்டதாலும் எழுதியது அழிந்ததாலும் வரும் வெற்றிடங்களோடு மூன்றாவதாக ஒரு வெற்றிடமும் உண்டு. அது கேள்வியே பொருந்தாததால் விளைவது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி, அதாவது சொத்து சகோதரியின் மக்களுக்குச் சேரும் முறை, நிலவிய காலத்து ஆவணத்தில் குடும்பத் தலைவரான காரணவர் பெயரும் மருமகன் பெயரும் இருக்க, தந்தை பெயர் இல்லாமல் போகலாம். தந்தைவழிச் சமூகத்துக்கென அமைந்த படிவத்தோடு வரும் ஆய்வாளர் அதனை விடுபட்ட தரவு என்று குறித்தால், எழுதியவர் விடாத ஒன்றை அவர் விட்டதாகக் குற்றஞ்சாட்டியவர் ஆவார். சொத்துரிமைக்குத் தேவையான பெயர்கள் அனைத்தும் அங்கே உள்ளன. தேவையற்ற பெயர் கேட்கப்படவில்லை.

நிரப்பத்தான் வேண்டும் என்ற நிலை வரும்போது ரூபின் முன்வைத்த வழி பன்முறை நிரப்பீடு. காலிக் கட்டத்துக்கு ஒரே மதிப்பைத் தராமல், கிடைத்துள்ள தகவலோடு ஒத்துப்போகக்கூடிய பல மதிப்புகளைக் கொண்டு பல முழு அட்டவணைகளை உண்டாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்து, விடைகள் தம்முள் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதையும் சேர்த்தே முடிவைக் கூறுவது அம்முறை. மாறுபாடு பெரிதாக இருந்தால் வெற்றிடம் அவ்வளவு ஆழமானது என்று பொருள். உண்மையைப் பற்றிய ஒவ்வொரு கூற்றையும் ஒருவகையில் என்ற நிபந்தனையோடு சொல்ல வேண்டும் என்னும் சமணரின் சியாத்வாதம் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. உண்டு, இல்லை, சொல்லொணாதது என்னும் மூன்றையும் பலவாறு கூட்டி ஏழு நிலைகளாக அது விரிக்கிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931இல் தொடங்கிய பிரசாந்த சந்திர மகலனோபிசு, புள்ளியியலின் அடிப்படைகளைப் பற்றி 1954இல் எழுதிய கட்டுரையில் சியாத்வாதத்தை நிகழ்தகவுச் சிந்தனையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார், உயிரியலறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேனும் 1957இல் சங்க்யா இதழில் இதே பொருள் பற்றி எழுதினார். சிதறாலின் திருச்சாரணத்து மலையில் சமணச் சிற்பங்களைக் காத்து வைத்திருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இச்சிந்தனை அயலானதன்று.

காணாமற்போனவற்றின் இயல்பை எஞ்சியவற்றிலிருந்து எவ்வளவு தூரம் ஊகிக்கலாம் என்பதற்கு ஆபிரகாம் வால்டு காட்டிய வழி இன்றும் கற்பிக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில், கொலம்பியா பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் ஆய்வுக்குழுவில் பணியாற்றிய அவர், போர்முனையிலிருந்து திரும்பிய விமானங்களில் இருந்த குண்டுத் துளைகளைக் கொண்டு, திரும்பாத விமானங்கள் எங்கே அடிபட்டிருக்கும் என்பதைக் கணித்தார். திரும்பியவற்றில் துளை குறைவாகத் தென்படும் பகுதியே அடிபட்டால் விமானம் வீழும் பகுதியாக இருக்கக்கூடும் என்பது அதன் சாரம். அந்த அறிஞர் இந்தியாவில் விரிவுரைப் பயணம் மேற்கொண்டிருந்தபோது, 1950 டிசம்பர் 13 அன்று, நீலகிரி மலையில் நிகழ்ந்த விமான விபத்தில் மனைவியோடு உயிரிழந்தார்.

கடவுள் உண்டா என்னும் சமயத்தின் மையக் கேள்விக்குக் காணாமை அளவையைப் பொருத்தும்போது விவாதம் கூர்மையடைகிறது. பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ப. ஜீவானந்தம், சுயமரியாதை இயக்கத்தில் இருந்த 1930களில், பகத்சிங் லாகூர்ச் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையைத் தமிழில் தந்து அதற்காகக் கைதும் ஆனார். அக்கட்டுரையின் வாதம், கடவுள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே இல்லை என்ற எளிய வாதம் அன்று. அவ்வாறு இருந்திருந்தால் தருமகீர்த்தியின் பிசாசு உதாரணமே அதனை முடித்துவிட்டிருக்கும். எல்லாம் வல்ல கருணையாளன் ஒருவன் இருந்தால் உலகில் அவன் கருணையின் தடம் தென்பட்டாக வேண்டும், தென்படுவதோ துயரமும் சுரண்டலும் என்பதே அதன் அமைப்பு. இது காணத்தக்கதன் காணாமையை முன்வைக்கும் வாதம். ஆகவே மதிப்போடு விடை சொல்ல வேண்டிய வாதம். சைவ சித்தாந்தம் சொல்லும் விடை வினைக்கொள்கை: காணப்படும் துயரத்துக்குக் காணப்படாத முன்வினை காரணம், இறைவன் அதனை நுகர்வித்துக் கழிக்கிறான், நுகர்விப்பதும் அருளே. அளவை நோக்கில், இது தன்வயமான விடுபாட்டைக் கையாள வகுக்கப்படும் மாதிரியின் வடிவம் கொண்டது. காணப்படாத ஒன்றைப் பற்றிய எடுகோள் காணப்படுவது முழுவதையும் முரணின்றி விளக்கிவிடுகிறது. ஆனால் காணப்படுவதைக் கொண்டு அந்த எடுகோளைச் சரிபார்க்கவோ மறுக்கவோ வழியில்லை. இதனால் அது பொய் என்றாகிவிடாது. புள்ளியியலாளரும் இத்தகைய எடுகோள்கள் இல்லாமல் மேலே செல்ல முடியாத இடங்கள் உண்டு. எடுகோளை மாற்றினால் முடிவு எவ்வளவு மாறுகிறது என்று வெளிப்படையாகக் காட்டுவதே அங்கே அவர் மேற்கொள்ளும் நேர்மை. அதற்கு உணர்திறன் ஆய்வு என்று பெயர். தன் வாழ்வின் துயரைத் தன் வினை என்று ஏற்று அதனால் உரம் பெறும் அடியவரின் நம்பிக்கையில் குறுக்கிட அளவை நூலுக்கு உரிமை இல்லை. ஆனால் பிறருடைய வாழ்வின் வெற்றிடத்தை, அவரைக் கேளாமலே, வினை என்ற ஒரே மதிப்பால் நிரப்புவது வேறு செயல்.

அந்த வேறுபாட்டைப் பூதப்பாண்டிக்கு அருகிலுள்ள அழகியபாண்டியபுரத்தின் முதலியார் ஓலைகள் கண்முன் நிறுத்துகின்றன. நாஞ்சில் நாட்டு நிர்வாகத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த முதலியார் குடும்பத்து வீட்டில் இருந்த இவ்வோலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிக் கண்டு படியெடுத்தார், பின்னர் அ.கா. பெருமாள் அவற்றை ஆராய்ந்து பதிப்பித்தார். நில விற்பனை, ஒற்றி, வரி முதலியவற்றோடு மனிதர்களை அடிமையாக விற்று வாங்கிய ஆவணங்களும் அவற்றுள் உண்டு. அவ்வகை ஓலையில் விற்பவர் பேசுகிறார், வாங்குபவர் பேசுகிறார், சாட்சி கையெழுத்திடுகிறார். விற்கப்படுபவர் பொருளாக மட்டுமே இடம்பெறுகிறார். திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை ஒழிக்கப்படும் வரை இந்த நிலைமைக்குச் சட்டத்தின் துணை இருந்தது. விற்கப்பட்டவர் என்ன நினைத்தார், எதை வேண்டினார், தம் நிலையை வினை என்று கொண்டாரா அநீதி என்று கொண்டாரா என்பதற்கு ஓலையில் கட்டமே இல்லை. எதிர்ப்பு எழுதப்படவில்லை என்பதைக் கொண்டு எதிர்ப்பு இருக்கவில்லை என்று வரலாறு எழுதுவோர், இருட்டறையில் குடத்தைத் தேடியவர்கள் செய்த பிழையைச் செய்கிறார்கள். எழுத்தாணி எவர் கையில் இருந்தது என்பதே அங்கே வெளிச்சம் எவ்வளவு என்பதைத் தீர்மானித்தது. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நிரப்புவதும், இன்றைய நோக்கிலிருந்து புரட்சிக் குரல் என்று நிரப்புவதும், அங்கவை சங்கவை என்று பெயரிட்டதைப் போலத் தடயம் அழியும் நிரப்பீடுகளே.

இத்தகைய ஓலைகள் கணினியில் ஏற்றப்பட்டு அட்டவணைகளாகும் காலம் இது. பெயர் என்ற தலைப்பின்கீழ் வெறும் காலிக் கட்டம் ஒன்று போதாது. ஏடு முறிந்ததால் பெயர் போனதற்கு ஒரு குறி, எழுதியவரே பெயரைக் கேட்காமல் விட்டதற்கு இன்னொரு குறி, அவ்வழக்கில் அப்பெயருக்கு இடமே இல்லாததற்கு மற்றொரு குறி, பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியதற்கு நான்காவதாக ஒரு குறி என்று பிரித்து வைத்தால்தான், அடுத்த தலைமுறை ஆய்வாளர் விற்கப்பட்டவரின் பெயரில்லாத கட்டத்தையும், பெருங்கோப்பெண்டின் பெயரில்லாத கட்டத்தையும், பூச்சி அரித்த ஓரத்தில் பெயரிழந்த சாட்சியின் கட்டத்தையும் ஒன்றென எண்ணிக் கூட்டாமல் இருப்பார்.